பதில் சொல்லும் குரல்

நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் குரோவர்ஸ் மில் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு குளம், ஒரு பழைய மாவு மில், பக்கத்தில் ஒரு பூங்கா. அவ்வளவுதான். 1938 அக்டோபர் 30 இரவு செவ்வாய்க் கிரகத்துப் படை வந்து இறங்கியது இங்கேதான். இறங்கியது வானொலியில். ஆர்சன் வெல்ஸின் ‘வார் ஆஃப் த வோர்ல்ட்ஸ்’ நாடகம் செய்தி அறிக்கை பாணியில் ஒலிபரப்பானது. பாதியில் கேட்க ஆரம்பித்தவர்களில் சிலர் அதை நிஜமென்றே நம்பிவிட்டார்கள். மறுநாள் பத்திரிகைகள் அந்தப் பீதியை ஊதிப் பெருக்கின என்பது வேறு கதை. 1988இல், ஐம்பதாவது ஆண்டு நினைவாக, பூங்காவில் ஒரு சின்னமும் வைத்தார்கள்.

பெட்டியிலிருந்து வந்த குரல் அன்று பெரியவர்களையே நம்பவைத்தது. பெட்டிக் குரலை அவ்வளவு சுலபமாக ஏற்காத ஒரு கூட்டம் இன்று இதே ஊரில் இருக்கிறது. அது ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளின் கூட்டம்.

ஏறத்தாழ 29,500 பேர் வாழும் இந்த ஊரில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம், தமிழ்க் குடும்பங்களும் கணிசம். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் நியூயார்க் வேலைக்கு ரயிலில் போய் வருகிறவர்கள் நிறைய. காலையில் குழந்தையை டேகேரில் விட்டு, மாலையில் கூட்டி வந்து, குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்கவைப்பதற்குள் பொழுது முடிந்துவிடும். நடுவே குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் கையில் ஒரு டேப்லெட். அதில் தமிழ்ப் பாட்டு ஓடும். “தமிழாவது காதுல விழட்டுமே” என்பது பெற்றோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

காதில் விழுந்தால் போதுமா? 2003இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கூலும் அவர் குழுவினரும் இதை நேராகவே சோதித்தார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளை அழைத்தார்கள். சீன மண்டாரின் பேசுகிறவர்கள் அவர்களோடு தரையில் உட்கார்ந்து பொம்மை காட்டினார்கள், புத்தகம் படித்தார்கள். நான்கு வாரத்தில் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 நிமிடம். முடிவில், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு மண்டாரின் ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் தைவான் குழந்தைகளுக்கு நிகராகக் கண்டுபிடித்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்களையும் அதே பேச்சையும் படம்பிடித்துத் திரையில் காட்டினார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒலிப்பதிவு மட்டும். இந்த இரண்டு குழுவும் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. மண்டாரினையே கேட்காத குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அதே முகம், அதே குரல், அதே சொற்கள். திரையில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று. குழந்தை சிணுங்கினால் திரும்பிப் பார்க்கவும், சிரித்தால் சிரிக்கவும் அங்கே ஆள் இல்லை. மொழி வளர்ச்சி பற்றிய கடந்த நாற்பதாண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது.

ஆறு மாதக் காது

கற்றல் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1986இல் ஆண்டனி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் கர்ப்பிணிகளிடம் ஒரு குழந்தைக் கதையைக் கொடுத்து, கடைசி சில வாரங்கள் தினமும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். பிறந்த ஓரிரு நாளில் குழந்தையின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் வயிற்றில் கேட்ட கதை ஒலிக்கும். வேறு விதமாகச் சப்பினால் கேட்காத கதை. குழந்தைகள் கேட்ட கதை வரும்படி சப்பக் கற்றுக்கொண்டார்கள். சொல் தெரியாது, பொருள் தெரியாது. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் பழக்கமாகியிருந்தது. 2010இல் வான்கூவரில் நடந்த இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. கர்ப்பக் காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் தகாலோகும் பேசிய தாய்மார்களின் பச்சிளங் குழந்தைகள் இரண்டு மொழியிலும் ஆர்வம் காட்டினார்கள், இரண்டும் வேறு வேறு என்றும் பிரித்தறிந்தார்கள். வயிற்றுக்குள் இருக்கும்போதே இரண்டு மொழிக்காரர்கள்!

அடுத்த அதிசயத்தில் நம் ட-வும் த-வும் வருகின்றன. 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு இது. அம்மா மடியில் குழந்தை. அம்மாவின் காதில் ஹெட்ஃபோன், அவர் தெரியாமல்கூடச் சாடை காட்டிவிடக் கூடாது என்பதற்காக. ஒலிபெருக்கியில் ‘த, த, த’ என்று ஒரே ஒலி வந்துகொண்டிருக்கும். திடீரென்று அது ‘ட’ ஆகும். அந்த நொடியில் பக்கத்திலுள்ள ஒரு பெட்டிக்குள் விளக்கெரிந்து பொம்மை ஆடும். இரண்டு மூன்று முறை பார்த்த குழந்தை, பிறகு ஒலி மாறியதுமே பொம்மை வரும் பக்கம் தலையைத் திருப்பிவிடும். திருப்பினால், வித்தியாசம் கேட்டது என்று பொருள்.

சோதித்தது இந்தி ஒலிகளை. பல்லில் நாக்கு படும் த-வும், நாக்கை மடித்துச் சொல்லும் ட-வும் தமிழிலும் அப்படியே உண்டு. ஆங்கிலத்தின் ‘டி’ இரண்டுக்கும் நடுவில், பல்லுக்குச் சற்று மேலே நாக்கு தொடும் ஒலி. அதனால் ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நம் ட-வும் த-வும் ஒன்றாகவே கேட்கும். ஆனால், ஆங்கில வீட்டில் பிறந்த ஆறேழு மாதக் குழந்தைகளுக்கு அந்த வேறுபாடு தெளிவாகக் கேட்டது. எட்டு முதல் பத்து மாதத்தில் அந்தத் திறன் தேய்ந்தது. ஒரு வயதை நெருங்கும்போது ஏறக்குறையப் போய்விட்டது. இந்தி கேட்டு வளர்ந்த ஒரு வயதுக் குழந்தைகளுக்கோ கொஞ்சமும் குறையவில்லை.

காது கெட்டுப்போனது என்று இதற்குப் பொருளில்லை. மூளை தன் சுற்றுப்புறத்தில் எந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறது என்று கணக்கெடுத்து, மாற்றாதவற்றைப் பொருட்படுத்தாமல் விடப் பழகுகிறது. அந்த விடுதலும் ஒரு கற்றல்தான். வெஸ்ட் வின்ட்சரின் தமிழ்க் குழந்தைக்கு ‘பல்லு’ வேறு, ‘பள்ளு’ வேறு. ‘இலை’ வேறு, ‘இல்லை’ வேறு. யாராவது அதனிடம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்வரை காது அவற்றைக் கைவிடாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தின் ‘ஆர்’ ஒலியை, குறிப்பாக நாக்கை வளைத்துச் சொல்பவர்களின் ‘ஆர்’ ஒலியை, ஒலியியலாளர்கள் குறிக்கும் விதம் தமிழின் ழ-வுக்கு மிக நெருக்கமானது. சென்னையில் ‘வாழைப்பழம்’ பல வாய்களில் ‘வாளப்பளம்’ ஆகிவிட்டது. நியூ ஜெர்சியில் பிறந்த குழந்தைக்கு ழ-வின் நாக்கசைவில் பாதி தெருவிலேயே கிடைக்கிறது. அதைச் சிரமப்படுத்துவது ண-வும் ள-வும் ட-வும்தான்.

சொல் எங்கே முடிகிறது?

ஒலி பிடிபட்டதும் அடுத்த சிக்கல். எழுத்தில்தான் சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு, பேச்சில் கிடையாது. “பாட்டிவந்துட்டாங்களாபாரு” என்று ஒரே மூச்சில் வருவதில் ‘பாட்டி’ எங்கே முடிகிறது என்று குழந்தைக்கு யார் சொன்னார்கள்?

1996இல் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத நான்கு ‘சொற்களை’, ஒவ்வொன்றும் மூன்று அசை, இடைவெளியே இல்லாமல் கோத்து இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பது மட்டும்தான் துப்பு. அந்த இரண்டே நிமிடத்தில் குழந்தைகள் சொற்களின் எல்லையைப் பிடித்துவிட்டார்கள். ‘பா’வுக்குப் பின் ‘ட்டி’ எத்தனை தடவை, ‘ட்டி’க்குப் பின் ‘வ’ எத்தனை தடவை என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு கணக்கு உள்ளே ஓடுகிறது.

தமிழில் வேலை இதோடு முடிவதில்லை. ‘வந்துட்டாங்களா’ என்ற ஒரே சொல்லில் வருவது, வந்து முடிந்தது, வந்தவர் மரியாதைக்குரியவர், இது கேள்வி என்று நான்கு செய்தி அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்களாகித் தமிழ் படிக்கும் வெளிநாட்டவர் இங்கே திணறுவார்கள். தமிழ்க் குழந்தை அவ்வளவு திணறுவதில்லை. ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுக் குழந்தை ‘டாடி கோ’ என்று விகுதியை விட்டுவிட்டுப் பேசும் பருவத்தில், தமிழ்க் குழந்தை ‘அப்பா போயிட்டா’ என்று வாலோடு சொல்கிறது. பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் தமிழ்க் குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இந்தப் போக்கைத்தான் பதிவுசெய்தது. விகுதி ஒழுங்காக, விதிவிலக்கு குறைவாக, காதுக்கு எடுப்பாக ஒலிக்கும் மொழிகளில் குழந்தைகள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்க் குழந்தையின் பேச்சைப் பொறுமையாகப் பதிவுசெய்தவர்களில் ஒருவர் எதிர்பாராத துறையிலிருந்து வந்தவர். ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்தவர், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் 1960இல் செயல்படத் தொடங்கிய ‘டிஃப்ராக்’ கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர். எந்திரத்துக்கு மொழி கற்பிக்க முடியுமா என்று யோசித்தவர், குழந்தை எப்படிக் கற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கம் திரும்பினார். அவரும் சக ஆய்வாளரும் ஒரு தமிழ்க் குழந்தை தன் வீட்டாரோடு பேசியதை ஒன்பதாவது மாதத்திலிருந்து மூன்று வயதை நெருங்கும்வரை ஒலிநாடாவில் பிடித்து எழுத்தாக்கினார்கள். உலகக் குழந்தைகளின் பேச்சைச் சேர்த்துவைக்கும் ‘சைல்ட்ஸ்’ காப்பகத்தில் அது இன்றும் இருக்கிறது.

டிங்கி ரயிலின் மறுமுனை

பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து பல்கலைக்கழக வாசலுக்கு ‘டிங்கி’ என்று செல்லப்பெயர் கொண்ட குட்டி ரயில் ஓடுகிறது. மொத்தத் தூரமே 2.7 மைல். அதன் மறுமுனையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வகம் இருக்கிறது. சுற்றுவட்டாரப் பெற்றோர் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கு வந்துபோகும் இடம் இது.

அங்கே எலிஸ் பியாட்சா, கேசி லூ-வில்லியம்ஸ் முதலானோர் 2017இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். குழந்தையிடம் பேசும்போது அம்மாக்கள் குரலை உயர்த்தி, இழுத்து, ராகம் போட்டுப் பேசுவார்கள் என்பது பழைய செய்தி. குரலின் நிறமே, அதாவது வயலினையும் நாகஸ்வரத்தையும் ஒரே சுரத்தில் வாசித்தாலும் நாம் பிரித்தறிகிற அந்தத் தன்மையே, மாறிவிடுகிறது என்பது புதிய செய்தி. 24 அம்மாக்களில் பாதிப் பேர் ஆங்கிலம் பேசியவர்கள். மீதிப் பேர் பேசியவை வேறு ஒன்பது மொழிகள். ஒரு நொடி அளவு ஒலித்துண்டை வைத்தே, அம்மா பேசுவது குழந்தையிடமா பெரியவரிடமா என்று கணினியால் சொல்ல முடிந்தது. ஆங்கிலத்தில் பழக்கிய நிரல் மற்ற மொழிகளிலும் வேலைசெய்தது. “இங்கா வேணுமா? மம்மு சாப்பிடலாமா?” என்று நம் வீட்டில் கேட்கும் அந்தக் குரலைக் கொஞ்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. ‘இது உனக்கு’ என்று முகவரி எழுதிய பேச்சு அது.

மூன்று ஆண்டு கழித்து, 2020இல், அதே ஆய்வகம் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே நேரத்தில் ஒளி உணரும் தொப்பி மாட்டியது. மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் அதிகம் பாய்கிறது என்று காட்டும் தொப்பி. ஆய்வாளர் ஐந்து நிமிடம் குழந்தையோடு விளையாடினார், பாடினார், கதை படித்தார்; அடுத்த ஐந்து நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு பெரியவரோடு பேசினார். கொண்டுவந்த 42 குழந்தைகளில் பயன்படக்கூடிய பதிவு கிடைத்தது 18 பேரிடம்தான். ஒன்பது முதல் பதினைந்து மாதக் குழந்தைக்குத் தொப்பி போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பதினெட்டும் போதுமானதாக இருந்தது. சேர்ந்து விளையாடியபோது இரண்டு மூளைகளின் ஏற்ற இறக்கமும் இணைந்து போயின. முகம் திரும்பியதும் இணைப்பு விட்டுப்போனது. எதிர்பாராத செய்தி ஒன்றும் கிடைத்தது. பல நேரங்களில் குழந்தையின் மூளை சில நொடி முந்திப்போனது. பெரியவர் சிரிக்கப்போவதை, பொம்மையை எடுக்கப்போவதை அது எதிர்பார்த்துக் காத்திருந்தது.

உள்ளங்கையில் விரலால் சோறு பிசைந்து, ஒவ்வொருவருக்கும் ஊட்டி, பிறகு நண்டும் நரியும் கைவழியே ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் நம் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையைத் தாண்டும்போதே குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கும். அடுத்து என்ன என்று தெரியும், எப்போது என்று தெரியாது. ஆய்வகம் கண்ட அந்த முந்திப்போதல் நடப்பதற்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடைப்பது கடினம்.

வாட்ஸ்அப் பாட்டி

அப்படியானால் கடல் தாண்டியிருக்கும் தாத்தா பாட்டி? இங்கே காலை ஏழு மணி என்றால் கோடையில் சென்னையில் மாலை நாலரை. ஓட்ஸ் கிண்ணத்துக்கு முன்னால் ஃபோனைச் சாய்த்து வைத்தால் பாட்டி வந்துவிடுவார். அதுவும் திரைதானே?

2014இல் சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களை மூன்று வழியில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். நேரில், வீடியோ அழைப்பில், பதிவுசெய்த வீடியோவில். நேரிலும் வீடியோ அழைப்பிலும் குழந்தைகள் கற்றார்கள். பதிவில் கற்கவில்லை. கண்ணாடித் திரை தடையாக இல்லை. பதில் வராததுதான் தடை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஒன்றரை வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொன்ன 2016 பரிந்துரையில் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது.

ஆகவே பாட்டி வெறுமனே “சாப்டியா கண்ணா?” என்று கேட்டு வைத்துவிடாமல், குழந்தை ஸ்பூனைத் தூக்கினால் “அய்யோ, எனக்கு ஒரு வாய்!” என்று வாயைத் திறக்க வேண்டும். அது ஊட்டியதும் “உப்பு போதலையே” என்று முகம் சுளிக்க வேண்டும். கூட இருக்கும் அம்மாவோ அப்பாவோ “பாட்டி என்ன சொல்றாங்க பாரு” என்று கோத்துவிட்டால், அந்தப் பத்து நிமிடம் ஒரு மணிநேரப் பாட்டு வீடியோவைவிடக் கனமானது.

பேச்சின் அளவைவிட மாற்றி மாற்றிப் பேசுவதுதான் முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. 1995இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் 42 குடும்பங்களைப் பின்தொடர்ந்து, வசதியான வீட்டுக் குழந்தை மூன்று வயதுக்குள் ஏழைக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் கூடுதலாகக் கேட்கிறது என்று கணக்குச் சொன்னது உலகப் புகழ்பெற்றது. அந்தக் கணக்கு பிறகு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2018இல் ரேச்சல் ரோமியோவின் குழு வேறு கோணத்தில் பார்த்தது. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள 36 குழந்தைகளின் சட்டையில் ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி, பிறகு கதை கேட்கும்போது மூளையைப் படமெடுத்தார்கள். பேச்சோடு தொடர்புடைய புரோக்கா பகுதியின் சுறுசுறுப்போடு ஒத்துப்போனது கேட்ட சொற்களின் எண்ணிக்கை அல்ல. பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாற்றி மாற்றிப் பேசினார்கள் என்பதுதான். குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த முடிவு நின்றது.

குழந்தை “பால்!” என்கிறது. “பால் வேணுமா? சுடுதே, ஆறட்டும்” என்கிறார் அப்பா. “சூடு” என்கிறது குழந்தை. “ஆமா, ரொம்ப சூடு. ஊதலாமா?” சமையல் மேடைக்குப் பக்கத்தில் அரை நிமிடத்தில் நடந்து முடிகிற இந்தப் பேச்சில் மூன்று நான்கு முறை பந்து கை மாறியிருக்கிறது.

இரண்டு மொழியும் ஒரு பயமும்

‘இரண்டு மொழி பேசினால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும்’ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஒரே பாத்திரத்தில் இரண்டு குழம்பு வைத்தால் இரண்டும் கெட்டுவிடும் என்பது போன்ற கவலை. மயாமியில் ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா பியர்சன் 1993இல் இதற்கு எளிய பதில் தந்தார்: இரண்டு மொழியின் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஒற்றை மொழியை மட்டும் எடுத்து அளந்தால் இருமொழிக் குழந்தை குறைவாகத் தெரியலாம். சேர்த்து எண்ணினால் மற்ற குழந்தைகளோடு ஒத்துப்போகிறது. நம் வீட்டுக் குழந்தைக்கு ‘தோசை’, ‘தாத்தா’, ‘உம்மாச்சி’ தமிழில் மட்டும் இருக்கும். ‘ஸ்னோ’, ‘ஸ்ட்ரோலர்’, ‘ஸ்கூல் பஸ்’ ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். டேகேர் ஆசிரியரின் பட்டியலில் முதல் மூன்றும் ஏறாது.

கலந்து பேசினால்? பிரின்ஸ்டனின் லூ-வில்லியம்ஸும் மான்ட்ரியாலின் கிறிஸ்டா பயர்ஸ்-ஹைன்லைனும் 2017இல் பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளரும் 20 மாதக் குழந்தைகளின் கண்மணியை அளந்தார்கள். கடினமான வேலையில் கண்மணி கொஞ்சம் விரியும். ஒரு வாக்கியத்தின் நடுவில் மொழி மாறியபோது, நம் பாணியில் சொன்னால் ‘லுக் அட் த நாய்’ என்றபோது, குழந்தைக்கு ஒரு சிறு தடுமாற்றம் இருந்தது. வாக்கியம் முடிந்து அடுத்தது வேறு மொழியில் தொடங்கியபோது அந்தத் தடுமாற்றம் காணவில்லை. பெரியவர்களிடமும் இதே போக்குதான். கலப்பு கெடுதல் என்பதற்கு இது சான்றாகாது; இரண்டு மொழியையும் தனித்தனியே வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப மாற்றும் வேலையை இரண்டு வயதுக்குள்ளேயே மூளை பழகிவிட்டது என்பதற்குத்தான் சான்று. ஒரு சொல் புதிதாக அறிமுகமாகும்போது மட்டும் “நாய் பாரு. பெரிய நாய்” என்று முழு வாக்கியத்தையும் ஒரே மொழியில் சொன்னால் அதற்கு வேலை சுலபம்.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கைகாட்டலோ இல்லை, 16 மாதமாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை, வந்த சொல் போய்விட்டது என்றால், அது எத்தனை மொழி பேசும் வீடானாலும் கவனிக்க வேண்டியது. முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். மூன்று வயதுக்குள் என்றால் நியூ ஜெர்சியின் ‘எர்லி இன்டர்வென்ஷன்’ அமைப்பு கட்டணமில்லாமல் மதிப்பிடும். மூன்று வயதுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு பள்ளி மாவட்டத்துடையது. மதிப்பிடுகிறவரிடம் தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் கொடுங்கள். ‘இரண்டு மொழியாச்சே, பேசுவான்’ என்று காத்திருப்பதும் தவறு, ‘தமிழை நிறுத்தினால் பேசுவான்’ என்பதும் தவறு.

247 எழுத்து, மூன்றாவது ஒரு தமிழ்

சனி, ஞாயிறில் தமிழ்ப் பள்ளி. 1998இல் வளைகுடாப் பகுதியில் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ் அகாடமி போன்ற முயற்சிகளுக்குப் பிறகு அமெரிக்காவெங்கும் தன்னார்வ ஆசிரியர்கள் இந்த வகுப்புகளை நடத்துகிறார்கள். அங்கே வரும் ஐந்து வயதுக் குழந்தை மூன்று மேடுகளை ஏற வேண்டியிருக்கிறது.

முதல் மேடு எண்ணிக்கை. ஆங்கிலத்தில் 26, தமிழில் 247. இதில் 216 உயிர்மெய்யும் ஒழுங்கான சேர்க்கைகள்தான். ஆனால் கண்ணுக்கு அந்த ஒழுங்கு உடனே தெரியாது. ‘கி’யில் கொக்கி மேலே, ‘கு’வில் வடிவமே வேறு, ‘கெ’யில் கொம்பு முன்னால், ‘கொ’வில் இரண்டு பக்கமும். வாய் ‘க்’ சொல்லிவிட்டு ‘எ’ சொல்கிறது. கண்ணோ கொம்பை முதலில் பார்க்கிறது. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்த வகை எழுத்து முறையில் எழுத்துகளை முழுதாகக் கற்பது தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகளுக்கு நீள்கிறது என்று காட்டினார். அது கன்னடம் பேசும் ஊரிலேயே வாழ்கிற, தினமும் பள்ளியில் படிக்கிற குழந்தைகளுக்கு. வாரம் இரண்டு மணிநேரம் படிக்கும் குழந்தை ‘கௌ’வில் தடுமாறுவது சோம்பல் அல்ல.

இரண்டாவது மேடு ஒலி. ‘பஸ்’ என்று எழுதிக்காட்டினால், ஆங்கிலம் பழகிய குழந்தை இதை ‘ப’ என்று வலித்துப் படிப்பதா, மெலித்துப் படிப்பதா என்று கேட்கும். நியாயமான கேள்வி. தமிழ் எழுத்து இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். சொல் முதலில் வலிக்கும் (பல்; ‘பஸ்’ போன்ற கடன்சொற்கள் விலக்கு), இரட்டித்தால் வலிக்கும் (அப்பா), மெல்லினத்துக்குப் பின் மெலியும் (கம்பு). ஊரில் வளர்ந்தவருக்கு இந்த விதி இருப்பதே தெரியாது, ஏனென்றால் காது முன்பே அறிந்திருந்தது. இங்கே இரண்டு மூன்று விதிகளை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாவது மேடுதான் செங்குத்து. வீட்டில் “பாட்டி சொல்றாங்க”; புத்தகத்தில் “பாட்டி சொல்கிறார்”. ஆங்கிலம் ஒன்று, வீட்டுத் தமிழ் இரண்டு, ஏட்டுத் தமிழ் மூன்று என்று குழந்தைக்கு ஆகிவிடுகிறது. அரபுக் குழந்தைகளுக்கும் இதே நிலைதான். 1993இல் டினா ஃபைட்டல்சனும் சக ஆய்வாளர்களும் இஸ்ரேலில் அரபுக் குழந்தைகளுக்கு, பள்ளிக்குப் போகும் முன்பே, இலக்கிய அரபியில் எழுதிய கதைகளைச் சில மாதம் தொடர்ந்து படித்துக் காட்டினார்கள். புரியாது என்று பலர் எண்ணியிருந்ததற்கு மாறாக, கதை கேட்ட குழந்தைகள் புரிந்துகொள்வதிலும் கதை சொல்வதிலும் முன்னேறினார்கள். ஏட்டு மொழி கண்ணுக்கு வருமுன் காதுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் எதிர்த் திசையிலிருந்து அணுகியது. 2005இல் அங்கு நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் கிடைத்தது.

இரண்டையும் சேர்த்தால் வீட்டுக்கு ஒரு வழி தெளிகிறது. சென்னையின் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படக்கதைகளோ, பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கதைகளோ கையில் இருக்கட்டும். புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே, “முயல் வேகமாக ஓடியது” என்று படியுங்கள். படித்ததும் நிறுத்தி, “எங்க ஓடுது? ஏன் ஓடுது?” என்று வீட்டுத் தமிழில் கேளுங்கள். குழந்தை சொன்னதை எடுத்து ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988இல் இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படிக் கேட்டுக் கேட்டுப் படிக்கும் முறையைக் கற்பித்தார். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் படிக்கக் கேட்ட குழந்தைகளின் பேச்சை முந்தியது.

ஆங்கிலத்தில் பதில்

கின்டர்கார்ட்டன் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் அது நடக்கும். அம்மா தமிழில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். சில மாதம் போராடிவிட்டு அம்மாவும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்.

மாறாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2002இல் டெர்ரி அவ்வும் குழுவினரும் கலிஃபோர்னியாவில், சிறு வயதில் ஸ்பானியத்தை வீட்டில் கேட்டு வளர்ந்து, ஆனால் பேசாமலே இருந்துவிட்ட கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தார்கள். பிற்பாடு வகுப்பில் ஸ்பானியம் படித்தபோது அவர்களுடைய உச்சரிப்பு, புதிதாகத் தொடங்கியவர்களின் உச்சரிப்பைவிட மிகத் தெளிவாக இருந்தது. 2014இல் மான்ட்ரியாலில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. சீனாவிலிருந்து கைக்குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சு மட்டுமே பேசி, சீனம் ஒரு சொல்கூட நினைவில்லாத சிறார்களின் மூளை, சீன மொழியின் சுர ஏற்ற இறக்கத்தைச் சீனம் பேசுகிறவர்களின் மூளையைப் போலவே கையாண்டது.

ஆனால் அவ்வின் ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறது. கேட்டு மட்டும் வளர்ந்தவர்களுக்கு ஒலிப்பு கிடைத்தது, இலக்கணம் கிடைக்கவில்லை. அதில் அவர்கள் புதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டு இல்லை. ஒலியைக் காது தானே சேமித்துவைக்கும். ‘வந்துட்டாங்களா’வை ‘வந்துட்டீங்களா’ ஆக்கும் திறன் வாய் பேசினால்தான் தங்கும். வாய் பேச வேண்டுமானால் அப்படிப் பேசியே தீர வேண்டிய ஓர் ஆள் எதிரில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு ஆறு மாதம் வந்து தங்கும் பாட்டி அதனால்தான் ஒரு வருட வகுப்புக்குச் சமமாகிவிடுகிறார். அவருக்கு ஆங்கிலம் ஓடாது என்பதே அவருடைய பெரிய தகுதி. கோடை விடுமுறையில் கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்கும் மாமன் மகள், பக்கத்து வீட்டுக் கிரிக்கெட் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் “எனக்குப் புரியலையே, திருப்பிச் சொல்லு” என்று விளையாட்டாகத் தெரியாததுபோல் நடிக்கும் ஆசிரியர் ஆகியோரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

ஆகவே வெஸ்ட் வின்ட்சரில் குழந்தைக்குத் தமிழ் வேண்டும் என்று நினைக்கிறவர்கள், தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவதற்கு முன்னால், அது சொல்வதைத் தமிழில் கேட்டுக்கொள்ள ஆள் தேடுவது நல்லது.